கடனும் மனமும்: கணக்குக்கு முன் கேட்க வேண்டியவை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொருளியல் துறையில் நடக்கும் சொற்பொழிவில் மனத்தைப் பற்றிப் பேச இடம் தந்தமைக்கு முதலில் நன்றி. நான் வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது கடனில் சிக்கியவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த இரண்டு வேலைகளிலும் என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர்களும் கடனில் மூழ்குகிறார்களே, ஏன்? பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் மூழ்குகிறார். ஊரார் கணக்கையெல்லாம் எழுதித் தரும் கணக்கர் மூழ்குகிறார். அறியாமைதான் காரணம் என்றால் இவர்கள் கரையில் அல்லவா நிற்க வேண்டும்?

நான் கண்டு தெளிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனில் இருப்பவரைக் கடனைவிட அதிகமாக வதைப்பது, அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலை. சொல்ல முடியாததால் உதவி தாமதமாகிறது. தாமதத்தால் வட்டி ஏறுகிறது. ஏறிய வட்டி வாயை இன்னும் இறுக்கிப் பூட்டுகிறது. அறிவுரை சொல்ல நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அச்சமின்றிச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்குவது அரசின் கடமை, வங்கிகளின் கடமை, பல்கலைக்கழகங்களின் கடமை என்பதே இன்றைய என் பேச்சு.

1. ஒரு துறை உருவான விதம்

பணத்தைப் பற்றிப் பேச வரும் இந்தக் கூச்சம், உளப்பகுப்பாய்வின் தொடக்கக் காலத்திலேயே கண்டுகொள்ளப்பட்டது. சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று 1913-இல் எழுதிய கட்டுரையில் சிக்மண்ட் பிராய்ட், படித்த மனிதர்கள் பாலுறவைப் பற்றிப் பேசும்போது காட்டும் அதே கூச்சத்தையும் பாசாங்கையும் பணத்தைப் பற்றிப் பேசும்போதும் காட்டுகிறார்கள் என்றார். ஆகவே மருத்துவர் தம் கட்டணத்தை ஒளிவுமறைவின்றிப் பேசிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. பாலுறவைப் பற்றிய தயக்கம் பிற்கால ஆலோசனை அறைகளில் பெருமளவு உடைந்தது. பணத்தைப் பற்றிய தயக்கம் அந்த அளவுக்கு உடையவில்லை.

பொருளியல் பக்கமிருந்து ஒரு கதவு 1979-இல் திறந்தது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் இருவர், ஆயிரம் ரூபாய் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாயை இழக்கும்போது வரும் வலி பெரிது என்பதை ஒரு கோட்பாடாகவே நிறுவினார்கள். அந்த வலி ஏறத்தாழ இருமடங்கு என்று அவர்களுடைய பிந்தைய ஆய்வு மதிப்பிட்டது. ட்வெர்ஸ்கி 1996-இல் காலமானார். கானமன் 2002-இல் நோபல் பரிசு பெற்றார். வங்கிக்காரனாகிய எனக்கு இந்தக் கோட்பாடு பழகிய முகம். அடகு வைத்த நான்கு வளையல்களில் ஒன்றை விற்றால் மற்ற மூன்றையும் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினாலும் பலர் விற்க மாட்டார்கள். வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கி வந்து நான்கையும் திருப்பி வைப்பார்கள். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. அது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வளையல் கையைவிட்டுப் போகிறது என்ற வலி, 36 என்ற எண்ணைவிடக் கனமானது.

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் தேலர். ஒரே மனிதர் தம் பணத்தை மனத்துக்குள் பல கணக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறார், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாற்றுவதில்லை என்று அவர் காட்டினார். அவருக்கு 2017-இல் நோபல் கிடைத்தது.

இந்த அறிவெல்லாம் ஆலோசனை அறைக்குள் நுழைந்து தனித் துறையானது அமெரிக்காவில், 2000-க்குப் பிந்தைய பத்தாண்டின் இறுதியில். நிதி ஆலோசகர்களும் மனநல ஆலோசகர்களும் சேர்ந்து நிதிசார் உளச்சிகிச்சைக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 2010 முதல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அத்துறைக்கென ஓர் ஆய்விதழும் வெளிவருகிறது. பிராட் கிளான்ட்ஸ், டெட் கிளான்ட்ஸ் என்னும் மகனும் தந்தையும் இத்துறையில் முக்கியமானவர்கள். சிறு வயதில் வீட்டில் கேட்டும் பார்த்தும் மனத்தில் பதிந்த சில நம்பிக்கைகள், நாற்பது வயதிலும் நம் கையைப் பிடித்துச் செலவு செய்ய வைக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

அந்த நம்பிக்கைகளை 2011-இல் வெளிவந்த ஆய்வு நான்காக வகுத்தது: பணத்தை விலக்குதல், பணத்தை வழிபடுதல், பணத்தால் மதிப்புத் தேடுதல், பணத்தில் மிகையான எச்சரிக்கை. பெயர்கள் புதியவை, உள்ளடக்கம் நம் வீடுகளில் தினமும் ஒலிப்பது. “நம்ம ராசிக்குக் காசு தங்காது” என்பது முதல் வகை. “கையில நாலு காசு மட்டும் இருந்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்” என்பது இரண்டாவது. “நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்பது மூன்றாவது. “இருக்குன்னு யாருகிட்டயும் காட்டிக்காதே” என்பது நான்காவது.

நிதிசார் உளச்சிகிச்சை தரும் ஆலோசகர் வரவு செலவைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்பார். உங்கள் வீட்டில் பணத்தைப் பற்றி நீங்கள் முதன்முதலாகக் கேட்ட பேச்சு எது? அப்பாவும் அம்மாவும் பணத்துக்காகச் சண்டை போட்டதுண்டா? குடும்பத்தில் யாராவது சொத்தைத் தொலைத்தார்களா, அதைப் பற்றி வீட்டில் பேசுவதுண்டா? மூன்று தலைமுறையின் குடும்ப மரத்தை வரைந்து ஒவ்வொருவர் பக்கத்திலும் பணத்தோடு அவருக்கிருந்த உறவைக் குறித்துக்கொள்வதும் உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த தாத்தாவின் பேரன், வங்கிப் படியேறவே அஞ்சுவதன் காரணம் அந்த மரத்தில் தெரிந்துவிடும்.

இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டணம் கொடுத்து ஆலோசகரிடம் போகக்கூடிய நடுத்தர அமெரிக்கர்களிடையே வளர்ந்த முறை இது. வருமானம் போதும், மனம்தான் தடுமாறுகிறது என்ற இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். வருமானமே போதாத வீட்டில் போய் உன் மனத்தைச் சரிசெய் என்று சொன்னால் அது அநீதி. அதற்கான சான்று நம் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது.

2. கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாபிர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வரின் கட்டுரை ஒன்று 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அதன் ஒரு பகுதி விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு.

கரும்பை ஏன் தேர்ந்தார்கள் என்பதிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. கரும்புக்காரருக்குப் பணம் மொத்தமாக வருவது வெட்டு முடிந்த பிறகுதான். எல்லா வயலையும் ஆலை ஒரே சமயத்தில் வெட்டச் சொல்லாது. அரைவைத் திறனுக்கேற்ப மாதக்கணக்கில் முன்பின்னாக வெட்டு வரும். ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் பணம் பார்த்திருப்பார்; பக்கத்து வயல்காரர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். வெயிலும் மழையும் திருவிழாவும் இருவருக்கும் பொது. வேறுபாடு பணத்தில் மட்டும்.

வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 விழுக்காடு. அதே மனிதர்களுக்கு இரண்டு காலத்திலும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். படங்களில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடிக்கும் சோதனையில், வெட்டுக்குப் பின் அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாகச் சரியான விடை தந்தார்கள். அதே ஆள், அதே மூளை, அதே படிப்பு. பணக்கவலை மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டதால், மற்ற வேலைக்கு மிச்சமிருந்த மனம் குறைந்துபோனது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இந்த முடிவை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. இரண்டாம் முறை எழுதும் சோதனையில் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். அந்த ஐயத்துக்கும் கட்டுரையில் விடை தேடியிருந்தார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சம்பளத்துக்கு முந்தைய சில நாள் தட்டுப்பாடு வேறு, வெட்டு வரும்வரை மாதக்கணக்கில் நீளும் தட்டுப்பாடு வேறு என்பது என் கருத்து. பின்னர் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் முல்லைநாதனும் வேறு சிலரும் ஓர் ஆய்வு செய்தார்கள். கூலியில் ஒரு பங்கை முன்கூட்டியே பெற்றவர்கள், அடுத்த நாள்களில் கூடுதல் தட்டு தைத்தார்கள், தவறும் குறைந்தது. கூலி விகிதம் மாறவில்லை. பணம் கைக்கு வந்த நாள் மட்டுமே மாறியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: நெருக்கடியில் இருப்பவர் தவறான முடிவெடுத்தால் அவர் குணத்தைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு முடிவெடுக்கச் சற்று ஓய்வான மனம் கொடுங்கள்.

3. நகைக்கடன் மேசையில்

ஜூன் மாத முதல் வாரம், பள்ளிக் கட்டணக் காலம், ஒரு வங்கிக் கிளையைப் பாருங்கள். கைக்குட்டையில் முடிந்த வளையலோடு ஓர் அம்மா வருவார். நேரே நகைக்கடன் மேசைக்கு வர மாட்டார். பாஸ்புக் அச்சிடும் வரிசையில் நின்று, தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்துத் தெருக்காரர் போனபிறகே இந்தப் பக்கம் வருவார். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு, எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார். எவ்வளவு கழித்தீர்கள் என்று அந்த அம்மா கேட்க மாட்டார். வட்டி எவ்வளவு என்றும் பெரும்பாலும் கேட்க மாட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: “நோட்டீசு வீட்டுக்கு வருமா சார்? போன்ல மட்டும் சொல்ல முடியுமா?”

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வட்டி பெரிதல்ல, மாமியாருக்குத் தெரியக் கூடாது. நகை போவதுகூடப் பெரிதல்ல, தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

அதே கிளையில் அவருக்கு மகள் திருமணத்துக்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கும் இருக்கும். அதில் வரும் வட்டியைவிட நகைக்கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். அதை உடைத்துவிட்டால் நகை வைக்கவே தேவையில்லை. தேலர் சொன்ன மனக்கணக்கு இதுதான். ஆனால் அந்த அம்மாவின் முடிவில் ஒரு தெளிவும் இருக்கிறது. உடைத்த சேமிப்பு மறுபடி சேராது என்பது அவருக்குத் தெரியும். வைத்த நகையை எப்பாடு பட்டாவது மீட்டுவிடுவோம் என்பதும் தெரியும். தன் மனத்தின் பலவீனம் தெரிந்து, அதற்கு ஒரு வேலி போட்டுக்கொள்கிறார். வட்டி வேறுபாடு அந்த வேலிக்குக் கொடுக்கும் விலை.

இதை இன்னும் துலக்கமாகக் காட்டுவது விஜயவாடா குடிசைப் பகுதியில் ஸ்டூவர்ட் ரூதர்போர்ட் கண்டெழுதிய சேமிப்பு முறை. ஒரு பெண் தினமும் வீடு வீடாகப் போய் 5 ரூபாய் வாங்கிக்கொள்வார். அட்டையில் 220 கட்டம். நிறைந்தால் 1,100 ரூபாய். அவர் திருப்பித் தருவது 1,000. சேமிப்பவர்களே 100 ரூபாய் கூலி கொடுத்துச் சேமித்தார்கள். வீட்டில் வைத்தால் அந்தப் பணம் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் சந்தைகளில் தண்டல் வாங்கும் பூக்கார அம்மாவும் இப்படித்தான். பத்தாயிரம் என்று பேசி ஒன்பதாயிரம் கையில் வரும். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல். கொடுமையான வட்டிதான். ஆனால் தண்டல்காரர் கடைக்கே வருகிறார், காகிதம் கேட்பதில்லை, தினமும் கையில் புரளும் காசில் தினமும் வாங்கிக்கொள்கிறார். நம் வங்கி இந்த மூன்றையும் செய்யாதவரை, வட்டி அதிகம் என்று அந்த அம்மாவுக்குப் பாடம் எடுப்பதில் பயனில்லை.

நகையோடு வந்த அம்மாவின் வாயைப் பூட்டிய மானம் என்ற உணர்வை முழுக்கக் குறை சொல்லவும் என்னால் முடியாது. புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களில் ஊருக்கு விருந்து வைத்து மொய்ப் பணம் திரட்டும் ஆடி மாதத்து மொய் விருந்துகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஒரு மொய் நோட்டு மட்டும். வங்கிக்குள் நுழைய வழியில்லாத பலருக்கு அது கிணறு வெட்டவும் கடை வைக்கவும் முதல் கொடுத்திருக்கிறது. செய்தவருக்குத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைநிமிர முடியாது என்ற உணர்வுதான் அதன் ஜாமீன். ஊர் ஒன்றுபட்டு ஒருவரைத் தூக்கிவிடும்போது மானம் பலம். ஒருவரைத் தனியாக ஒதுக்கி அழுத்தும்போது அதே மானம் உயிரைக் குடிக்கும்.

4. மானத்தை ஆயுதமாக்குபவர்கள்

கடன் கொடுப்பவர்களில் சிலருக்கு இந்த உளவியல் மிக நன்றாகத் தெரியும். வாசலில் நின்று சத்தம் போடுவது, மகளைப் பெண் பார்க்க வரும் நாளாகப் பார்த்து வருவது பழைய முறை. கைபேசிச் செயலிக் கடன் வந்தபின், வாங்கியவரின் தொடர்பு எண்களையெல்லாம் எடுத்து, உறவினருக்கும் உடன் வேலை செய்வோருக்கும் அவதூறு அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று சொன்னதற்கு இதுவே பின்னணி. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2017 அக்டோபரில், கந்துவட்டித் தொல்லை குறித்து மனுக் கொடுத்தும் வழி பிறக்காத ஒரு தொழிலாளியின் குடும்பம், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது.

அந்தக் குடும்பம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சொன்னது, எழுதிக் கொடுத்தது. கேட்கும் இடத்தில் கேட்கும் ஆள் இல்லை. ஆகவே மனம் திறந்து பேசுங்கள் என்று கடன்பட்டவருக்கு மட்டும் சொன்னால் போதாது. கேட்பவருக்குக் காது வேண்டும், தடுக்க அதிகாரமும் வேண்டும்.

5. செய்ய வேண்டியவை

நம் நாட்டில் ஒரு நல்ல தொடக்கம் நடந்தது. 2009-இல் ரிசர்வ் வங்கி, நிதியறிவு மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கான மாதிரித் திட்டத்தை வெளியிட்டது. 2012-இல் திருத்தியபோது அவை நிதியறிவு மையங்கள் ஆயின; பெயரிலிருந்து கடன் ஆலோசனை போய்விட்டது. இன்று அவை நடத்தும் முகாம்களில் சேமிப்பு, காப்பீடு, ஏமாறாமல் இருப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்ல பணிதான். ஆனால் முகாமில் நூறு பேர் நடுவே கை தூக்கி, நான் கடனில் இருக்கிறேன் என்று யார் சொல்வார்?

என் முதல் வேண்டுகோள், மாவட்டத்துக்கு ஒரு மையத்திலாவது கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையும், கடன் ஆலோசனையும் மன ஆலோசனையும் அறிந்த ஒருவரும் வேண்டும். அவர் எந்த வங்கியின் வசூல் அதிகாரியாகவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, அவகாசம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே 4 முதல் ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் 60 நாளைக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் அபராதமும் நிற்கும். வசூல் நடவடிக்கையும் நிற்கும். மனநல நெருக்கடிச் சிகிச்சையில் இருப்பவருக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும், அதன்பின் 30 நாளும் அவகாசம் உண்டு. கடன் தள்ளுபடி அல்ல இது. யோசிக்கக் கொடுக்கும் நேரம். விழுப்புரத்து ஆய்வு எதைச் சுட்டியதோ அதையே இந்தச் சட்டம் செய்கிறது.

மூன்றாவது, காலம் பார்த்தல். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் விவசாயியிடம் பத்துப் பக்கப் படிவத்தை நீட்டாதீர்கள். தவணை நாளைப் பணம் வரும் நாளோடு பொருத்துங்கள். நோட்டீசு எந்த வழியில் வர வேண்டும் என்று கடன் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை.

நான்காவது, மருத்துவர்களுக்கு. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருபவரிடம், “கடன் ஏதாவது தொந்தரவு பண்ணுதா?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். அதேபோல் கடன் மேசையில் இருப்பவர், எதிரில் இருப்பவர் வாழ்வில் பிடிப்பை இழக்கிறார் என்று தெரிந்தால் கணக்கை மூடி வைத்துவிட்டு 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேச உதவ வேண்டும். இலவச எண், எந்த நேரமும் பேசலாம். 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது; தமிழிலும் பேசலாம்.

மாணவர்களே, நிறைவாக உங்களிடம் ஒன்று. இந்த வளாகத்தில் பொருளியல் துறையும் உளவியல் துறையும் தனித்தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. கடனில் இருப்பவருக்கு அந்தப் பிரிவினை இல்லை. இரண்டு துறை மாணவரும் இருவர் இருவராகச் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் பக்கத்து நிதியறிவு மையத்தில் உட்காருங்கள். ஒருவர் கணக்குப் பாருங்கள், ஒருவர் கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். எங்கே தவணை பொருந்தவில்லை, எங்கே மிரட்டல் நடக்கிறது, எந்தப் படிவம் புரியவில்லை என்பவற்றைப் பெயரில்லாமல் தொகுத்து மாவட்ட நிர்வாகத்துக்கும் வங்கிகளுக்கும் கொடுங்கள். துறைத் தலைவர்கள் இருவரும் மேடையில் இருக்கிறார்கள். இதைப் பாடத்திட்டத்தின் களப்பணியாக ஏற்க வேண்டும் என்று இந்த அவையின் முன் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

 வணக்கம்.